ஏணியும் மரமும்

பிரித்துப் பார்ப்பது அறிவின் வேலை. பிரித்து வைப்பது ஆதிக்கத்தின் வேலை. அறிவு, "இது எதை ஒத்திருக்கிறது? எதனின்று வேறுபடுகிறது? காரணம் யாது?" என்று கேட்கும். ஆதிக்கமோ கேட்பதில்லை. "நீ மேலே நில், அவன் கீழே கிடக்கட்டும், ஏன் என்று எவரும் வாய் திறவாதீர்" என்று கட்டளையிடும். இவ்விரு செயல்களுக்கும் 'வகுத்தல்' என்ற ஒரே பெயர் வழங்குவது வேடிக்கை, வேதனையுங்கூட.

"கழுதையும் குதிரையும் ஒன்றாகுமா? காக்கையும் கிளியும் சமமாகுமா? இயற்கையே உயர்வு தாழ்வு வகுத்திருக்கும்போது, மனிதரில் மட்டும் அது கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?" என்று மேடையேறிக் கேட்போர் இன்னும் இருக்கின்றனர். இயற்கையைத் துணைக்கு அழைக்கின்றனர் அவர்கள். நன்று. இயற்கையையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். உயிர்களை வகுத்து ஆராய்வதையே வாழ்வாகக் கொண்ட அறிஞர்கள், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாக என்ன கண்டனர், எதை எழுதினர், எதை அழித்தனர் என்பதைப் பார்ப்போம், தோழர்களே!

உலகத்து உயிர்கள் எல்லாவற்றையும் எத்தனை பெரும்பிரிவுகளாக வகுக்கலாம்? பாட்டனைக் கேட்டால், தாவரம், விலங்கு என இரண்டே என்பார். பள்ளிப் பாடநூல், ஐந்துலகம் என்று சொல்லிக் கொடுத்தது. கல்லூரிப் பேராசிரியர், மூன்று பேருலகங்கள் என்பார். ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்திருப்பவரோ, "அந்த மூன்றும் உண்மையில் இரண்டாக இருக்கக்கூடும்" என்கிறார். இதைக் கேட்டதும் வைதிகர் கைகொட்டிச் சிரிக்கிறார்: "பார்த்தீர்களா! உங்கள் விஞ்ஞானம் நாளுக்கொரு பேச்சுப் பேசுகிறது. எங்கள் சாத்திரம் அன்றும் இன்றும் ஒன்றே சொல்கிறது!" சிரிக்கட்டும். அந்த மாற்றத்தின் கதைதான் நாம் சொல்லப் போவது.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலிடமிருந்து தொடங்கலாம். காலம் கி.மு. 384 முதல் 322 வரை. லெஸ்போஸ் என்னும் தீவின் கடற்காயலோரத்தில் அமர்ந்து, மீனையும் நண்டையும் சிப்பியையும் அறுத்துப் பார்த்தவர் அவர். செம்படவரிடம் சென்று கேட்டறிவதை இழிவென்று அவர் கருதவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட விலங்கு வகைகளைப் பற்றி எழுதினார். நீரில் நீந்துவதாலேயே டால்பின் மீனாகிவிடாது. அது காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி ஈன்று பாலூட்டுகிறது என்று கண்டு, அதனை மீன்களினின்றும் பிரித்து வைத்தார். செங்குருதி உடையவை, செங்குருதி அற்றவை என்று அவர் வகுத்த பிரிவு, முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று பிற்காலத்தார் வகுத்ததற்கு மிக நெருங்கி நிற்கிறது. வெறுங்கண்ணும் ஒரு கத்தியும் கொண்டு ஒருவர் இவ்வளவு தூரம் சென்றது வியப்பிற்குரியது.

ஆனால் அதே அரிஸ்டாட்டில் மனிதரைப் பற்றி எழுதியபோது என்ன சொன்னார்? தமது அரசியல் நூலில், சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்றார். டால்பினை அறுத்துப் பார்த்த கை, அடிமையின் விலங்கை அறுக்க எழவில்லை. விலங்குகளைப் பற்றிப் பேசும்போது சான்று கேட்ட அறிவு, தன் வீட்டு வேலைக்காரனைப் பற்றிப் பேசும்போது சான்று கேட்கவில்லை. இந்த முரண்பாட்டை நினைவில் வையுங்கள். மீண்டும் மீண்டும் எதிர்ப்படப் போகிறது.

உயிர்களை நிறைவின் அளவுப்படி மேலும் கீழுமாக அடுக்கிப் பார்த்த அவரது கருத்தை, பின்வந்த ஐரோப்பிய மதவாதிகள் இறுகப் பற்றிக்கொண்டு ஓர் ஏணி கட்டினர். உச்சியில் கடவுள், அதற்குக் கீழ் தேவதூதர், பின்னர் மனிதர், விலங்கு, மரஞ்செடி, கடைசியில் கல். ஒவ்வொரு படியிலும் உட்படிகள். விலங்குகளில் சிங்கம் தலைமை, பறவைகளில் கழுகு, உலோகங்களில் பொன். மனிதரில்? மன்னன், அவனுக்குக் கீழே பிரபு, அடிமட்டத்தில் உழவன். ஏணியைக் கட்டியவன் ஆண்டவன். ஆகவே படி மாற நினைப்பது பாவம். சிங்கத்தையும் கழுகையும் அடுக்கியது, உழவனை அடியில் வைப்பதற்கு ஒரு முன்னுரை என்று எண்ணும் அளவுக்கு அந்த ஏணி ஆள்வோர்க்கு வசதியாக அமைந்தது.

1707-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில், பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் கார்ல் லின்னேயஸ். 1735-இல், இருபத்தெட்டு வயதில், ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் 'இயற்கையின் அமைப்பு' என்ற தம் நூலை அச்சிட்டார். நூல் என்பதைவிட, அகன்ற தாள்கள் சிலவற்றின் கட்டு என்பதே பொருந்தும். பன்னிரண்டு பக்க அளவுதான். கல், தாவரம், விலங்கு என மூன்று உலகங்கள். விலங்குலகில் நாற்காலிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள் என ஆறு வகுப்புகள். ஒவ்வொரு உயிருக்கும் பேரினப் பெயரொன்று, சிற்றினப் பெயரொன்று என இரண்டே சொல்லில் பெயரிடும் முறையைத் தாவரங்களுக்கு 1753-இலும், விலங்குகளுக்கு 1758-இலும் அவரே நிலைநாட்டினார். அதற்குமுன் ஒரு செடியின் பெயர் ஒரு வாக்கிய நீளம் இருந்தது. நாட்டுக்கு நாடு, நூலுக்கு நூல் வேறுபட்டது. இன்று சென்னையிலும் சிகாகோவிலும் ஒரே செடிக்கு ஒரே பெயர் செல்லுகிறதென்றால், அது லின்னேயசின் கொடை.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? பூவின் ஆண், பெண் உறுப்புகளை எண்ணித் தாவரங்களை அவர் வகுத்தபோது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சீகஸ்பெக் என்ற தாவரவியலாளர், இது ஆபாசம், ஆண்டவன் தாவர உலகில் இத்தகைய ஒழுக்கக்கேட்டை அனுமதித்திருக்கவே மாட்டான் என்று சீறினார். பூ தன் பாட்டிற்குப் பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தது!

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் லின்னேயஸ் செய்தார். மனிதனைக் கொண்டுபோய்க் குரங்குகளோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். டார்வினுக்கு நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டவன் படைப்பில் ஐயமற்ற நம்பிக்கை கொண்டிருந்த ஒருவர் செய்த செயல் இது! கண்டனங்கள் எழுந்தன. 1747-இல், கிமெலின் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அறைகூவல் விடுத்தார்: இயற்கை நூலின் விதிகளின்படி மனிதனையும் குரங்கையும் பிரித்துக் காட்டும் பொதுப் பண்பு ஒன்றைச் சொல்லுங்கள், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை என்பது அதன் கருத்து. மனிதனைக் குரங்கென்று அழைத்தால் மதகுருமார் அனைவரும் தம்மேல் பாய்வர் என்பதையும், ஆயினும் விஞ்ஞான முறைப்படி ஒருவேளை அழைத்தே இருக்கவேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் 'பாலூட்டிகள்' என்னும் வகுப்பை நிறுவினார். திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து மீட்டு அதில் சேர்த்தார். மனிதனுக்கு 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்று பெயர் சூட்டி, குரங்குகளோடும் வௌவால்களோடும் ஒரே வரிசையில் வைத்தார். ஏணியின் ஒரு முக்கியப் படி அன்று முறிந்தது.

ஆனால் பாருங்கள்! மனித இனம் ஒன்றே என்று எழுதிய அதே பேனா, அடுத்த வரியில் அதனைக் கண்டவாரியாக நான்கு பிரிவுகளாக்கியது. தோலின் நிறத்தோடு குணத்தையும் முடிச்சுப் போட்டது. ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுபவனாம். ஆப்பிரிக்கன் மனம்போன போக்கில் நடப்பவனாம். எந்த ஆப்பிரிக்கரோடு வாழ்ந்து பார்த்து இதை எழுதினார்? அந்த மண்ணை அவர் மிதித்ததே இல்லை. மகரந்தத் தாளை ஒவ்வொன்றாக எண்ணியவர், மனிதரைப் பொறுத்தவரை வணிகரும் கப்பலோட்டிகளும் கொண்டுவந்த கதையை அப்படியே ஏற்றார். அரிஸ்டாட்டில் இடறிய அதே இடத்தில் லின்னேயசும் இடறினார். அவரைப் போற்றுவோம், பூசிக்க மாட்டோம். பகுத்தறிவாளர்க்கு ஆசிரியர் உண்டு, அவதாரம் கிடையாது.

அவருடைய பட்டியலில் வேறொரு பெரும் ஓட்டையும் இருந்தது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், பல்கலைக்கழகத்தின் படியேறாதவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியே நீர்த்துளியை நோக்கி, அதனுள் நீந்தித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676-இல் லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதியிருந்தார். சங்கம் உடனே நம்பவில்லை. ராபர்ட் ஹூக்கைச் சோதிக்கச் செய்து, 1677-இல் உண்மையென்று உறுதிப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியாத அந்த உலகத்தை எங்கே வைப்பது? லின்னேயசுக்குப் புரியவில்லை. புழுக்களின் வகுப்பில் ஒரு மூலையில் 'கேயாஸ்', அதாவது பெருங்குழப்பம், என்று பெயரிட்டு வைத்தார். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதி வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஏனெனில் அந்த மூலையிலிருந்துதான் பின்னாளில் பூகம்பம் கிளம்பியது.

1859-இல் வெளிவந்தது டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்'. அந்நூல் முழுவதிலும் ஒரே ஒரு படம் உண்டு: அடியிலிருந்து கிளைத்துக் கிளைத்துப் பரவும் கோடுகள். ஏணியின் இடத்தில் மரம் வந்து நின்றது! இது வெறும் பட மாற்றமன்று. ஏணி, "யார் பெரியவர்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும். மரம், "யார் யாருக்கு உறவு?" என்ற கேள்விக்கு விடை சொல்லும். இரு உயிர்கள் ஒத்திருப்பது ஏன்? ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் ஆதலால். எனவே இனி வகைப்பாடு என்பது குடிவழி எழுதுவதாகும் என்றார் டார்வின்.

குடிவழியை உண்மையாகவே எழுதத் தொடங்கியபோது பழைய வேலிகள் பல சாய்ந்தன. ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக், 1950-இல் ஒரு கண்டிப்பான விதியை வகுத்தார். ஒரு பிரிவு இயற்கையானது என்று சொல்வதானால், அதில் ஒரு மூதாதையும், அதன் வழிவந்த எல்லா உயிர்களும் இடம்பெற வேண்டும். வசதிக்கேற்ப ஒரு கிளையை வெட்டி விலக்கக் கூடாது. விளைவு என்ன தெரியுமா? பல்லியும் முதலையும் 'ஊர்வன'. காக்கை 'பறவை' என்று நாம் கண்ணால் கண்டு பிரித்தோம். ஆனால் முதலைக்குப் பல்லியைவிடக் காக்கையே நெருங்கிய உறவு. பறவைகள், அழிந்துபோன டைனோசார்களின் ஒரு கிளை. செதிலைக் கண்டு சேர்த்ததும், இறகைக் கண்டு ஒதுக்கியதும் தோற்றத்தைக் கண்டு மயங்கிய மயக்கமே.

ஏணி அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. மரத்தின் வேடம் பூண்டு மீண்டும் வந்தது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல், டார்வின் கொள்கையைப் பரப்பிய பெருவீரர். தாவரமும் அல்லாத, விலங்கும் அல்லாத நுண்ணுயிர்களுக்காகப் 'புரோட்டிஸ்டா' என்று மூன்றாவது உலகத்தை 1866-இல் நிறுவியவர். ஆயினும் 1874-இல் அவர் வரைந்த புகழ்பெற்ற மரத்தில், பருத்த அடிமரம் நேராக மேலெழுந்து மனிதனில் போய் முடிகிறது. மற்ற உயிர்களெல்லாம் பக்கக் கிளைகள்! மனித இனங்களையும் அவர் உயர்ந்தது தாழ்ந்தது என்று அடுக்கினார். மரம் என்ற பெயரில் மறுபடியும் ஏணி. உச்சியில் மறுபடியும் ஏணி கட்டியவனே. அரிஸ்டாட்டில், லின்னேயஸ், ஹெக்கல் மூவரும் பேரறிஞர்கள். விலங்கை வகுக்கும்போது விழிப்போடிருந்த மூவரும், மனிதனை வகுக்கும்போது உறங்கிவிட்டனர். ஆதாயம் தன் பக்கம் இருக்கும் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது எவருக்கும் அரிது!

இருபதாம் நூற்றாண்டில் வேலை விரைந்தது. உயிரணுவை ஆராய்ந்தோர், உட்கரு என்னும் தனி அறை கொண்ட உயிரணுக்கள் ஒருபுறமும், அது இல்லாத பாக்டீரியா போன்றவை மறுபுறமும் நிற்பதைக் கண்டனர். அமெரிக்க அறிஞர் ராபர்ட் விட்டேக்கர் 1969-இல் ஐந்துலக வகைப்பாட்டை வெளியிட்டார்: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. அதுவரை தாவரங்களின் கூட்டத்தில் கிடந்த காளானுக்கும் பூஞ்சைக்கும் தனி உலகம் கிடைத்தது. நியாயந்தானே! காளான் மண்ணில் முளைக்கிறது, நகர்வதில்லை என்பது மெய்; ஆனால் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் ஆற்றல் அதற்கில்லை. அதன் உயிரணுச் சுவரில் இருப்பது நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருள். பின்னர் 1993-இல் மரபணுச் சான்றுகள் வந்தபோது, காளான் தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்பது தெரிந்தது. சமையற்கட்டில் கீரையோடு கூட்டி வைக்கப்படும் காளான், கீரைக்கு அன்று, அதைச் சமைப்பவருக்கே கிட்டத்துச் சொந்தம்!

அதன் பிறகுதான் நுண்ணுயிர் மூலையில் பூகம்பம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கார்ல் வோஸ் என்பவர் ஒரு புதுவழி கண்டார். பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் என்ன செய்வர்? ஒரே நூலின் பல படிகளை ஒப்புநோக்குவர். பாடபேதங்களைக் கணக்கிடுவர். ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு சுவடிகள், ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று துணிவர். வோஸ் செய்ததும் அதுவே. உயிரணு எதுவாயினும் புரதம் செய்தாக வேண்டும். அதைச் செய்யும் ரைபோசோம் என்னும் பட்டறை எல்லா உயிரிலும் உண்டு. அப்பட்டறையின் ஓர் உறுப்பான ஆர்.என்.ஏ., எல்லா உயிர்களும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்த சுவடி. அதனைத் துண்டு துண்டாக்கி, ஒளிப்படச் சுருளில் புள்ளிகளாக விழச் செய்து, ஆண்டுக்கணக்கில் தனித்திருந்து அவர் வாசித்தார்.

மாட்டின் இரைப்பையிலும் சதுப்புச் சேற்றிலும் வாழ்ந்து மீத்தேன் வாயுவை வெளியிடும் நுண்ணுயிர்களை உடன்பணியாளர் ரால்ஃப் வுல்ஃப் வளர்த்துக் கொடுத்தார். அவற்றின் சுவடியை வாசித்த வோஸ் திகைத்தார். உருப்பெருக்கியில் பார்த்தால் பாக்டீரியா போலவே தோன்றும் அவை, சுவடியில் பாக்டீரியாவாக இல்லை! 1977-இல் வோசும் ஜார்ஜ் ஃபாக்சும் இதை வெளியிட்டனர். 1990-இல் வோஸ், கேண்ட்லர், வீலிஸ் மூவரும், உயிர்கள் மூன்று பேருலகங்கள் என்றனர்: பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உடையவை. யானையும் ஆலமரமும் காளானும் மனிதனும் மூன்றாவது பேருலகத்தின் ஒரு பகுதியில் அடங்கிவிட்டனர். மற்ற இரண்டும் முழுக்க முழுக்க நுண்ணுயிர்களுடையவை. 'கீழுயிர்' என்று எவற்றை ஒரு மூலையில் ஒதுக்கினரோ, அவையே உயிருலகின் பெரும்பரப்பு என்று தெரிந்தது.

அறிஞர் உலகம் ஆரத்தி எடுத்து வரவேற்றதா? இல்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா, வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும், இல்லையேல் உமது பெயர் கெடும் என்று எச்சரித்தார். பரிணாம இயலின் மூதறிஞர் எர்ன்ஸ்ட் மேயர், 1998-லும் கட்டுரை எழுதி மறுத்தார். விஞ்ஞானிகளும் மனிதர்களே, பிடிவாதமும் பெருமிதமும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அங்கே வோசின் நாக்கை அறுக்க எவரும் வரவில்லை. காதில் ஈயம் காய்ச்சி ஊற்ற எந்த விதியும் இல்லை. சான்றுக்கு எதிர்ச்சான்று, கட்டுரைக்கு எதிர்க்கட்டுரை. ஐயப்பட்டவர்கள் தங்கள் கூடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம், பார்த்தனர், ஒப்பினர். 2012-இல் வோஸ் மறைந்தபோது, அவர் வகுத்த பேருலகங்கள் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தன.

அதோடும் நிற்கவில்லை. லின் மார்குலிஸ் என்ற பெண்மணி 1967-இல் வெளியிட்ட கட்டுரையை, அதற்குமுன் பல ஏடுகள் திருப்பி அனுப்பியிருந்தன. நம் உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. உள்ளே குடிபுகுந்து நிலைத்துவிட்டது என்றார் அவர். இன்று அது நிறுவப்பட்ட உண்மை. 2015-இல், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட ஆழ்கடல் மண்ணிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்த குழுவினர், உட்கரு உடைய உயிர்கள் ஆர்க்கியாவின் உள்ளேயே கிளைத்தவை என்பதற்கு வலுவான சான்று கண்டனர். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார். லின்னேயஸ் பேராசிரியராக இருந்த அதே உப்சாலா! ஆசான் போட்ட கோட்டை அவர் ஊரிலேயே அழித்தெழுதினர். குருத் துரோகம் என்று எவரும் கூச்சலிடவில்லை. 2020-இல் ஜப்பானியர், பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு அத்தகைய ஆர்க்கியா ஒன்றை வளர்த்தே காட்டினர். ஆர்க்கியா வழிவந்த உடலில் பாக்டீரியா குடியிருக்கிறது: அதுதான் நம் ஒவ்வோர் உயிரணுவும். 'தூய வம்சம்' பேசுவோர் கவனிக்கவேண்டிய செய்தி. உயிரணுவே கலப்பில் பிறந்தது!

இனி, அதே விளக்கொளியில் நம் வீட்டு ஏட்டையும் திறந்து பார்ப்போம். பிறர் ஏட்டைச் சோதித்து, நமதை மட்டும் பட்டுத் துணியில் சுற்றி வைப்பது பகுத்தறிவாகாது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உடையவை. நத்தையும் சிப்பியும் சுவையும் அறிபவை. கறையானும் எறும்பும் மோப்பமும் உடையவை. நண்டும் தும்பியும் கண்ணும் பெற்றவை. விலங்குகள் செவியும் உடையவை. மனமும் கொண்டவர் மக்கள். எவ்வளவு அழகிய முயற்சி! ஆண்டவன் முகத்தில் பிறந்தது, காலில் பிறந்தது என்று கதை கட்டாமல், புலனைப் பார்த்து வகுத்த முறை அது. ஒவ்வொரு பிரிவையும் சொல்லி முடிக்கையில், அந்தக் 'கிளை'யில் பிறந்தவை இன்னும் உண்டு என்று கதவைத் திறந்தே வைக்கிறது நூல். கிளை என்றால் மரத்தின் கிளையும் ஆகும், சுற்றத்தாரும் ஆவர்.

அதற்காக, தமிழன் அன்றே எல்லாம் கண்டுவிட்டான் என்று மார்தட்டலாமா? கூடாது. எறும்பு இனங்களில் பெரும்பாலானவற்றிற்குக் கண் உண்டு. செடி ஒளியை அறிந்து வளைகிறது. பெருமை, கேள்வி கேட்டதில் இருக்கிறது. விடை என்றென்றும் சரி என்பதில் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே மரபியலில்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற நாற்பாகுபாடும், யார் யாருக்கு எது உரியது என்ற பட்டியலும் காணப்படுகின்றன. அவை பிற்காலத்து இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர் உண்டு. எவர் எழுதினும் சரி, இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, கண்ணால் கண்டு, புலனை எண்ணி வகுத்தது, தவறென்றால் திருத்தலாம். மற்றொன்றில் எண்ணிப் பார்க்க எதுவுமில்லை. நூலும் கமண்டலமும் முடியும் கோலும் பிறவியில் முளைப்பவையல்ல. உயிரை வகுத்த ஏட்டின் பக்கத்திலேயே, மனிதரை வகுத்த ஏடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கிரேக்கத்தில் நடந்தது; ஸ்வீடனில் நடந்தது; ஜெர்மனியில் நடந்தது; இங்கும் நடந்தது.

இப்போது, கழுதை குதிரைக் கேள்விக்கு விடை. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62. இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63; பெரும்பாலும் அதற்குக் குட்டி பிறப்பதில்லை. ஆகவே அவை இருவேறு சிற்றினங்கள். மனிதருக்கோ எந்நாட்டவர்க்கும், எந்தத் தெருவினர்க்கும் 46. எவரும் எவரையும் மணந்து மக்கள் பெறலாம், பேரப்பிள்ளைகளையும் காணலாம். ரிச்சர்டு லெவாண்டின் 1972-இல் கணக்கிட்டுக் காட்டினார்: மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு, ஒரே மக்கட் கூட்டத்தின் உள்ளேயே காணப்படுவது. இரண்டு மனிதரின் மரபுச் சுவடியை ஒப்பிட்டால், ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து மாறும், அவ்வளவே. லின்னேயஸ் போட்ட நான்கு கோடுகளை அழித்தது புரட்சிப் படையன்று. அவர் தொடங்கி வைத்த அதே விஞ்ஞானந்தான்.

இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவர்களே, சாட்சி சொல்லிவிட்டது. இயற்கையில் வேறுபாடு உண்டு. உயர்வு தாழ்வு இல்லை. மரத்தில் உச்சாணிக் கிளை என்று ஒன்று நமக்குத் தோன்றலாம். உயிர் மரத்தில் இன்று வாழும் எல்லா உயிரும் நுனிகளே. பாக்டீரியாவும் நாமும் ஒரே அடிமரத்திலிருந்து, ஒரே அளவு நெடிய காலத்தைக் கடந்து வந்தவர்கள்.

தோழர்களே! இரண்டு, மூன்று, ஐந்து, மீண்டும் மூன்று, ஒருவேளை மீண்டும் இரண்டு என்று உயிர்ப் பட்டியல் மாறியது கண்டு எவரேனும் சிரித்தால், அமைதியாகச் சொல்லுங்கள்: ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன் மீனாயிருந்த திமிங்கிலத்தை, சான்று கண்டதும் எங்கள் ஏட்டில் இடம் மாற்றினோம், சான்றே இல்லாமல் கீழே வைத்த மனிதனை, உங்கள் ஏட்டில் என்று இடம் மாற்றப் போகிறீர்கள்? எந்தப் பட்டியல் கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை எண்ணிப் பார்த்து இதை வகுத்தார்கள்? வகுத்தவன் தன்னை எந்தப் படியில் வைத்துக்கொண்டான்? தவறென்று காட்டினால் அழித்தெழுதச் சம்மதிப்பானா? மூன்றுக்கும் நேரிய விடை தருமானால் அதைப் படியுங்கள், பரப்புங்கள். தராவிட்டால், அது எத்துணைப் பழைய ஏடாயினும், எவர் பெயரால் வந்ததாயினும், அழிக்கும் உரிமை உங்களுடையது.